தேக்காவில் பழைய கடைவீடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் கடைவீடு (கீழே கடை, மேலே வீடு) மாதிரியான பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், கடை வைத்திருக்கிற உறவுக்காரர்கள், அவர்களுடைய கட்டட உரிமையாளர்கள், கோயிலில் பார்க்கிறவர்கள் என்று பலர் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் ஒரேயடியாக எழுதி வைத்துவிட்டேன். சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால் என்ன சொல்வேனோ அதுதான் இது.

எங்கள் கடைவீடு "பாதுகாக்கப்பட்ட கட்டடம்" என்கிறார்கள். அப்படியென்றால் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாதா?

அடிக்கலாம், எங்கே அடிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. 1989 ஜூலை 7 அன்று லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் உள்ளிட்ட பத்துப் பகுதிகள் பாதுகாப்புப் பகுதிகளாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. யுஆர்ஏ என்று எல்லாரும் சொல்கிற நகர மறுசீரமைப்பு ஆணையம்தான் பொறுப்பு. இன்று தீவு முழுக்க 100க்கும் மேற்பட்ட பகுதிகளில் 7,000க்கும் அதிகமான கட்டடங்கள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

பட்டியலில் இருந்தால் கட்டடத்தின் உடம்பை மாற்ற அனுமதி வேண்டும். உடம்பு என்றால் முகப்பு, கூரை, பக்கத்து வீட்டோடு சேர்ந்திருக்கும் பொதுச்சுவர், மர உத்தரங்கள், மாடிப்படி, முற்றம், சன்னல்கள். உள்ளே நீங்கள் வைக்கிற அலமாரி, தடுப்புப் பலகை, மளிகை அடுக்கு இதெல்லாம் உடை மாதிரி, கழற்றி மாட்டலாம். ஆணையம் சொல்கிற கொள்கை மூன்றே வரி: இருப்பதை முடிந்தவரை அப்படியே வை, இல்லாததைப் பழைய மாதிரியே திரும்பக் கொண்டுவா, பழுதானதைப் பார்த்துப் பக்குவமாகச் சரிசெய். இந்த வரிசையில் முதலாவதைத் தாண்டி நேரே இரண்டாவதுக்குப் போகத்தான் எல்லாருக்கும் ஆசை, ஏனென்றால் புதிதாகச் செய்வது சுலபம்.

ஜூ சியாட்டில் என் மச்சான் வீட்டில் பின்பக்கம் உயரமாக எழுப்பியிருக்கிறாரே, நான் மட்டும் ஏன் முடியாது?

அவர் இடம் வேறு வகை. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ நான்கும் வரலாற்று வட்டாரங்கள், அங்கே முன்னிருந்து பின்வரை முழுக் கட்டடத்தையும் காப்பாற்ற வேண்டும். எமரல்ட் ஹில், கேர்ன்ஹில், பிளேர் பிளெய்ன் குடியிருப்பு வட்டாரங்கள், அங்கே பின்னால் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம், பிரதான கூரையைத் தாண்டக் கூடாது. ஜூ சியாட், ஜாலான் புசார் போன்றவை அதற்கடுத்துப் பிறந்த குடியேற்றங்கள், அங்கே பின்பக்கக் கட்டடம் உயரமாகவே வரலாம். மச்சானிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

கோயில், பள்ளிவாசல் எல்லாம் "தேசிய நினைவுச்சின்னம்" என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது தேசிய மரபுடைமைக் கழகத்தின் கீழ் வருவது, சட்டமும் வேறு, பிடியும் இறுக்கம். சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1973ல், சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் 1978ல், டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் 1979ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. உங்கள் கடைவீடு அதில் இல்லை, கவலை வேண்டாம்.

சரி, வேலையை எங்கே தொடங்குவது?

கூரையில். எல்லாரும் முகப்பிலிருந்து தொடங்குவார்கள், ஏனென்றால் அதுதான் கண்ணில் படுகிறது. மேலே ஓர் ஓடு நகர்ந்திருந்தால் நீங்கள் கீழே செய்கிற அத்தனையும் வீண். மழைநாளில் மேல்மாடியில் போய் அரைமணி நேரம் சும்மா நில்லுங்கள், எங்கே சொட்டுகிறது, எந்தச் சுவரில் கோடு இறங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு எந்த நிபுணரும் தேவையில்லை.

அப்புறம் பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர் ஒருவரைப் பிடித்து, இருக்கிற நிலையை அப்படியே அளந்து வரைபடம் போட்டு, அவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பழைய கட்டடத்தில் கை வைத்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புது அடுக்குமாடியில் கெட்டிக்காரராக இருப்பவருக்குச் சுண்ணாம்புச் சுவர் பிடிபடாமல் போகலாம்.

சுவரில் சாயம் வருடா வருடம் உரிகிறது. நல்ல சாயமாகப் பார்த்து அடித்தும் நிற்கவில்லை. ஏன்?

இந்தக் கேள்வி ஒன்றுக்குச் சரியான பதில் தெரிந்தாலே பாதிக் கட்டடம் பிழைத்துவிடும், ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பழைய கடைவீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். அடியிலிருந்து ஈரம் ஏறாமல் தடுக்க இன்றைய கட்டடங்களில் போடுகிற படலம் அதில் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். நம் ஊரில் இதை ஓதம் என்பார்கள். சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும், அதாவது ஏறுகிற ஈரம் அதன் வழியே வெளியேறிக் காற்றில் போய்விடும். சுவர் நூறு வருடம் நின்றதற்கு அதுதான் காரணம்.

இப்போது ஒருவர் வந்து அந்தச் சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டைப் பூசி, மேலே பிளாஸ்டிக் மாதிரி படியும் சாயத்தையும் அடித்துவிடுகிறார். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஈரத்துக்குப் போக வழியில்லை, ஆகவே சிமெண்டுக்குப் பின்னால் இன்னும் உயரமாக ஏறுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு செங்கல்லுக்குள் படிகமாகிச் செங்கல்லையே பொடிக்கிறது. சாயம் கொப்புளம் விடுகிறது. நீங்கள் கடைக்குப் போய் அதைவிட விலை உயர்ந்த சாயமாக வாங்கி வருகிறீர்கள்.

எங்கள் குடும்பத்துக் கடையிலேயே இது நடந்தது. அப்பா ஓர் ஒப்பந்தக்காரரை நம்பி விட்டுவிட்டார், அவரும் கெட்டவர் இல்லை, கைக்குத் தெரிந்ததைச் செய்தார். நான்கே நாளில் இடுப்பளவுக்குச் சிமெண்டு பூசி முடித்துக் காசு வாங்கிப் போய்விட்டார். இரண்டு தீபாவளி தாண்டுவதற்குள் இடுப்பளவில் இருந்த ஈரக்கோடு தோளளவுக்கு வந்துவிட்டது. அரிசி மூட்டை சாய்த்திருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது, அம்மா கோலமாவு சிந்திவிட்டது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. பூச்சைத் தட்டினால் டொக் டொக்கென்று காலிச் சத்தம். கொத்தியபோது செங்கல் பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது.

பிறகு சிமெண்டு முழுவதையும் எடுத்து, சுவரை மாதக்கணக்கில் திறந்தபடியே காயவிட்டு, உப்பைத் துலக்கித் துலக்கி எடுத்து, பொடிந்த செங்கல்லுக்கு மாற்றுக்கல் வைத்து, சுண்ணாம்புதான் பூசினோம். அந்த மாதங்களில் வாடிக்கையாளர்களிடம் விளக்கம் சொன்னதே பெரிய வேலை. சில இடங்களில் அடிவரிசைச் செங்கல்லில் வரிசையாகத் துளை போட்டு மருந்து செலுத்தி ஈரத்தைத் தடுப்பதும் உண்டு. அதைச் செய்தாலும் மேலே மூச்சுவிடும் பூச்சுதான் வேண்டும்.

சுண்ணாம்பில் முட்டை கலந்தார்கள் என்பது கதையா, உண்மையா?

உண்மை. செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரலைப் போய்ப் பாருங்கள். 1862ல் அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். உட்சுவரில் அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டி மாதிரியான முரட்டுச் சர்க்கரை எல்லாம் சேர்த்துக் களிபோல அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு இளக்கிப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஆங்கிலக்காரர்கள் அதற்கு வைத்த "சுனாம்" என்ற பெயரே நம் சுண்ணம்தான்.

அதற்கு முன்பே 1819ல், இந்த ஊரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டு, இந்த ஊரின் முதல் கட்டட ஒப்பந்தக்காரர் ஆனார். மாரியம்மன் கோயிலும் அவர் தொடங்கியதுதான். ஆகவே சுண்ணாம்பு, செங்கல் பற்றி யாராவது உங்களுக்குப் பாடம் எடுத்தால் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பயப்பட வேண்டாம். உங்கள் கடைவீட்டுக்கு முட்டை தேவையில்லை. நன்றாக ஊறவைத்த சுண்ணாம்பும் சுத்தமான மணலும் போதும், அவசரப்படாமல் ஒவ்வொரு பூச்சும் இறுக நேரம் கொடுக்க வேண்டும். கொத்தனார் "நாளைக்கே அடுத்த கோட் போட்டுடலாம்ணே" என்றால் டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

என்ன நிறம் அடிக்கலாம்? தேக்கா என்றாலே ஏழு நிறமும் வேண்டும் என்கிறார்களே?

அது சுற்றுலாப் படங்கள் பழக்கிவிட்டது. கெர்பாவ் ரோட்டில் இருக்கிற டான் டெங் நியா வீடு, 1900ல் மிட்டாய்த் தொழிற்சாலைகள் வைத்திருந்த ஒரு சீன முதலாளி கட்டியது, தேக்காவில் மிஞ்சியிருக்கிற கடைசிச் சீன வில்லா. கதவுக்குக் கதவு நிறம் மாறும் அதன் இன்றைய கோலம் பின்னாளில் வந்தது. எனக்கும் அது பிடிக்கும், ஆனால் அதைப் பார்த்து "பழைய காலத்தில் இப்படித்தான் இருந்தது" என்று பக்கத்துக் கடைக்கும் அடிப்பது சரியில்லை.

பழைய கடைவீடுகளில் சுண்ணாம்பு வெள்ளை, அதில் நீலம் அல்லது காவி கலந்த வெளிர் நிறங்கள்தான் வழக்கம். உங்கள் வீட்டு நிறத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். சன்னலுக்கு மேலே, மழை படாத ஒரு மூலையில், ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பிளேடால் மெதுவாகச் சுரண்டுங்கள். நான் ஒருமுறை சுரண்டியபோது மேலே ஆரஞ்சு, அடியில் பச்சை, அதற்கடியில் பாலாடை நிறம், இன்னொரு பச்சை, கடைசியில் சலவை நீலம் போட்ட வேட்டி மாதிரி ஒரு நீலம். வீட்டுக்கார அம்மா அதைப் பார்த்து, "எங்க மாமனார் காலத்துல இந்த நீலம்தான் தம்பி" என்றார். வேறு ஆதாரம் எனக்குத் தேவைப்படவில்லை. சாயம் எதுவானாலும் மூச்சுவிடுவதா என்று பார்த்து வாங்குங்கள். நிறத்தை அடியோடு மாற்றுவதாக இருந்தாலோ, சுவரோவியம் வரைவதாக இருந்தாலோ முதலில் ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள்.

மரத்தளம் ஆடுகிறது. எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டுவிடலாமா?

கூடாது. அனுமதியும் கிடைக்காது. கிடைத்தாலும் நான் வேண்டாம் என்பேன், ஏனென்றால் ஒரு பொதுச்சுவரிலிருந்து எதிர்ப் பொதுச்சுவருக்குப் போகிற அந்த உத்தரங்கள் தளத்தைத் தாங்குவதோடு இரண்டு சுவரையும் இழுத்துப் பிடித்துக்கொண்டும் நிற்கின்றன. பெரும்பாலும் உத்தரத்தின் நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும், கெட்டுப்போவது சுவருக்குள் போகிற முனைதான், ஈரமும் கரையானும் அங்கேதான். கெட்ட முனையை மட்டும் வெட்டி, அதே இன மரத்தால் ஒட்டுப்போடலாம், அல்லது இரும்புத் தகடு வைத்துக் கட்டலாம். தீப்பாதுகாப்புக்காகத் தளத்தின் அடிப்பக்கம் தீ தாங்கும் பலகை அடிப்பது வழக்கம். மேலே தங்குமிடம் நடத்தப் போகிறீர்கள் என்றால் தீப்பாதுகாப்பைக் கவனிக்கிற குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளை முதல் நாளே படித்துவிடுங்கள், வேலை முடிந்தபின் படித்தால் மறுபடி உடைக்க வேண்டிவரும்.

மேல்மாடிப் பலகையில் வாசலுக்கு நேர் மேலே ஒரு சின்ன மூடி இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள். கதவைத் தட்டியது யார் என்று மேலிருந்தே குனிந்து பார்ப்பதற்காக வைத்தது. பின்பக்கச் சுழல்படியும் அப்படித்தான், பழசு என்று அறுத்து விற்றுவிட வேண்டாம்.

நடுவில் இருக்கிற முற்றத்தை மூடினால் இன்னொரு அறை கிடைக்குமே?

கிடைக்கும், வெளிச்சமும் காற்றும் போய்விடும். நான்கைந்து மீட்டர் அகலத்தில் நீளமாகப் போகிற வீட்டுக்கு முற்றம்தான் மூக்கு. மூடிய வீடுகளில் மூன்றாம் மாதமே சுவரில் கரும்பூஞ்சை பார்த்திருக்கிறேன்.

ஏர்கான், பெயர்ப்பலகை?

ஏர்கானின் வெளிப்பெட்டி முகப்பில் வரக் கூடாது, பின்னால் அல்லது வெளியிலிருந்து தெரியாத இடத்தில். பெயர்ப்பலகை தூண்களுக்கு இடையில் அடங்க வேண்டும், சன்னலையும் சுதை வேலைப்பாட்டையும் மறைக்கக் கூடாது. இதில் என் சொந்தக் கருத்து ஒன்று: தமிழில் நல்ல எழுத்தில் எழுதிய சின்னப் பலகை, விளக்குப் போட்ட பெரிய பலகையைவிடத் தூரத்திலிருந்து நன்றாகவே தெரியும்.

முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன? வெளியே பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லையே?

உங்களுக்குத் தெரியுமே. வரலாற்று வட்டாரங்களில் அதற்கு இடமும் இல்லை. முகப்பு என்பது கட்டடத்தின் முகம் மட்டும், அதைப் பின்னால் பிடித்து நிறுத்துவது பொதுச்சுவர், உத்தரம், கூரை எல்லாம் சேர்ந்துதான். அதை எடுத்துவிட்டால் சினிமா செட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. வரிசை வீடுகளில் நீங்கள் உள்ளே இடிக்கிற ஒவ்வொரு அடியும் பக்கத்து வீட்டுப் பூஜை அறையில் விரிசலாக வந்து நிற்கும், அதையும் யோசியுங்கள்.

ஐந்தடிப்பாதை என் கடைக்கு முன்னால்தானே இருக்கிறது, சாமான் வைத்தால் ஏன் வந்து எடுக்கச் சொல்கிறார்கள்?

இந்தச் சண்டைக்கு இருநூறு வயது. 1822ல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் போடும்போதே, ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கூரையோடு தொடர்ச்சியான நடைபாதை விட வேண்டும், அது எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கடைக்காரர்கள் அன்றிலிருந்தே அதைத் திண்ணையாக நினைத்துச் சாமான் வைத்தார்கள். 1888ல் நகராட்சி அதைக் காலிசெய்யப் போய், கடையடைப்பு, டிராம் மீது கல்லெறிதல் என்று கலவரமே ஆனது.

பூ கட்டுகிறவர், கிளி ஜோசியர், தையல்காரர், செருப்புத் தைக்கிறவர் என்று அந்தப் பாதையில் பிழைத்தவர்கள் ஏராளம், அவர்கள் இல்லாத ஐந்தடிப்பாதை வெறும் சிமெண்டுத் தாழ்வாரம்தான். அதற்காக இருபது மூட்டை வெங்காயத்தை அடுக்கிவிட்டால் சக்கர நாற்காலியில் வருகிறவர் சாலையில் இறங்க வேண்டியிருக்கும். ஓரமாக வையுங்கள், நடக்க வழி விடுங்கள். கீழே பழைய பூவேலைத் தரைக்கல் இருந்தால் மேலே புது டைல் ஒட்டாதீர்கள். சோப்புத் தண்ணீரும் தேங்காய்நார்ப் பிரஷும் போதும், அமிலம் ஊற்றிக் கழுவினால் நிறம் போய்விடும், திரும்ப வராது.

இதற்கெல்லாம் அரசாங்கம் காசு தருமா?

தனியார் கடைவீட்டுக்கு நேரடியாகக் கையில் காசு வராது என்று நினைத்தே கணக்குப் போடுங்கள். தேசிய நினைவுச்சின்னமாக இருந்து, சமய அமைப்போ லாபநோக்கற்ற அமைப்போ நடத்தினால் அதற்கென்று ஒரு நிதி இருக்கிறது.

வீட்டுக்காரர்கள் ஏன் இவ்வளவு காலம் கட்டடங்களைக் கவனிக்காமல் விட்டார்கள் என்றும் கேட்பார்கள். 1947ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரை எழுப்பவும் முடியாது, வருகிற சில வெள்ளியில் யார் கூரை மாற்றுவார்? அந்தச் சட்டம் 2001ல்தான் முழுதாகப் போனது. போனபிறகு வாடகை ஏறியது, கூரைகள் மாறின, பல பழைய கடைகளும் கிளம்பிவிட்டன.

அப்படிப் பழைய கடைகள் போய்விட்ட பிறகு சுவரைக் காப்பாற்றி என்ன பிரயோசனம்?

நியாயமான கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. வட்டாரத்தின் மையப் பகுதியில் தரைத்தளத்தில் என்ன தொழில் நடத்தலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் எந்த விதியும் ஒரு மளிகைக்கடைக்காரரின் மகனைக் கடையில் உட்கார வைக்காது. கேம்பல் லேன், கிளைவ் ஸ்திரீட் பக்கத்து வரிசை வீடுகள், 1913ல் கட்டப்பட்டவை, 1982ல் இந்து அறக்கட்டளை வாரியம் கைக்கு வந்தன. இன்று லிட்டில் இந்தியா ஆர்கேட் என்று மாலையும் வளையலும் இனிப்பும் விற்கின்றன. சமூகத்தின் கையில் சொத்து இருந்தால் தொழில் கொஞ்சம் நிலைக்கும் என்பதற்கு அதைத்தான் உதாரணமாகச் சொல்வேன்.

கோயில்களில் குடமுழுக்குக்குக் குடமுழுக்கு சாயம் அடித்துப் புதிதாக்குகிறார்கள், நாம் மட்டும் ஏன் பழசைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

கோயிலைச் சரியாகப் பார்த்தால் பதில் அங்கேயே இருக்கிறது. ஏறத்தாழ பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாள் குறித்து, தலை முதல் கால் வரை பார்த்துப் பழுது நீக்கும் பழக்கம் நமக்கு உண்டு. மாரியம்மன் கோயிலுக்கு 2023 பிப்ரவரி 12ல் குடமுழுக்கு நடந்தது, அதற்கு முன் இந்தியாவிலிருந்து சிற்பிகளை வரவழைத்துக் கோபுரச் சுதைகளைச் சரிசெய்தார்கள். தெரிந்த கை, குறித்த தவணை, பழைய உருவம். கடைவீட்டுக்கும் இந்த மூன்றும் போதும். வருடா வருடம் மழைக்கு முன்னால் கூரைக் கால்வாயைச் சுத்தம் செய்தால் பன்னிரண்டு வருடத்துக் கணக்கு தானாகவே சின்னதாகிவிடும்.

முகப்பில் ஒரு சின்ன ஆலங்கன்று முளைத்திருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

பிடுங்காதீர்கள். மேலே தெரிவது நான்கு இலை, சுவருக்குள் வேர் கையளவு போயிருக்கும், இழுத்தால் சுதைப்பூவும் இரண்டு செங்கல்லும் சேர்ந்து வரும். முதலில் தண்டை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் வேரைச் சாகடிக்கும் மருந்தைத் தூரிகையால் தடவுங்கள், தெளிக்க வேண்டாம். காய்ந்து சுருங்கும்வரை சில வாரம் பொறுத்து, வேரை நகர்த்தி எடுத்து, விரிசலைச் சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள். அப்புறம் ஏணி இறக்குவதற்கு முன், மேலே கால்வாயில் அடைப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், கன்று குடித்து வளர்ந்த தண்ணீர் அங்கிருந்துதான் வந்திருக்கும்.